மிகிந்தலையில் ஒரு விடியற்காலை

விடியற்காலை நான்கு மணிக்குக் குன்றத்தூரில் விழித்திருப்பவர் மூன்று வகையினர். கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து காய்கறி மூட்டைகளுடன் திரும்பும் கடைக்காரர்கள் முதல் வகை. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் முதல் ஷிப்டுக்குப் போவதற்காகத் தொழிற்சாலை பஸ்ஸை எதிர்பார்த்து நிற்கும் பிள்ளைகள் இரண்டாம் வகை. மூன்றாவது, வயது நாற்பதைத் தாண்டியதும் தூக்கத்தைத் தொலைத்துவிட்ட பள்ளிக்கூட ஆசிரியர்கள். நாம் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவர்.

தினந்தோறும் அந்நேரத்தில் மலையடிவாரம் வரை நடந்துவிட்டு, டீக்கடையில் சற்று நிற்பது நமது வழக்கம். அங்கே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இளைஞர்களில் ஒருவன் நம்முடைய பழைய மாணாக்கன். இலங்கையிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளை. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் வன்னியில் யுத்தம் முடிகிற தறுவாயில் அவனுடைய தகப்பனார் இறந்துபோனார். அப்போது அவனுக்கு வயது ஐந்து. பிறகு தாயுடன் இக்கரைக்கு வந்து, உறவினர் வீட்டில் தங்கி நம்மிடம் படித்தான். இப்போது ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். சென்ற கோடை விடுமுறையில் நாம் குடும்பத்துடன் இலங்கைக்குப் போகப் போகிறோம் என்று சொன்னபோது, அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "போய்ட்டு வாங்க சார்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

நாம் இலங்கைக்குப் புறப்பட்ட காரணம் விசித்திரமானது. அன்னதானத்தைப் பற்றிக் குன்றத்தூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்பது நமது நெடுநாளைய கர்வம். பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பெருமான் பிறந்த ஊரல்லவா? 12ஆம் நூற்றாண்டில் சோழ மன்னரின் அமைச்சராக இருந்த அவர் எழுப்பிய திருநாகேச்சரம் கோயில் இன்றும் இங்கே இருக்கிறது. அவருடைய காவியத்தில் அடியார்க்கு அமுதிட்டவர்கள் எத்தனை பேர்! பகலில் விதைத்த நெல்லை மழை இரவில் வாரிக்கொண்டு வந்து விருந்தாளிக்குச் சோறாக்கிய இளையான்குடி மாறனாரின் கதையை நாம் வகுப்பில் சொல்லாத வருஷம் கிடையாது. அதே காவியத்தில் சாக்கிய நாயனாரும் வருகிறார். காஞ்சிக்குச் சென்று பௌத்த நூல்களைக் கற்று, அந்தத் துறவிக் கோலத்துடனேயே சிவபெருமானை வழிபட்டவர் அவர்.

"சாக்கியர் என்றால் யார் சார்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நாமும் சளைக்காமல் விளக்குவோம். இங்கிருந்து ஒன்றரை மணி நேரப் பிரயாணத்தில் இருக்கும் காஞ்சிபுரம் ஒரு காலத்தில் பௌத்தர்களின் பெரிய கல்விக்கூடமாக விளங்கியதையும், சீன யாத்திரிகர் யுவான் சுவாங் ஏறக்குறைய கி.பி. 640இல் அங்கே வந்து போனதையும், அமுதசுரபி ஏந்திய மணிமேகலை அந்நகரத்தின் பசியைத் தீர்த்ததாகக் காவியம் கூறுவதையும் எடுத்துச் சொல்வோம். ஒரு நாள் முன் பெஞ்சிலிருந்த சிறுமி ஒருத்தி, "பிக்ஷைப் பாத்திரத்தோடு வருகிற பிக்ஷுவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, சார்?" என்று கேட்டுவிட்டாள். பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கேள்விதான் நம்மை விமானத்தில் ஏற்றியது.

குன்றத்தூர் மலைக்கு மேலாகத் தினமும் விமானங்கள் பறப்பதைப் பார்க்கிறோம். மீனம்பாக்கத்தில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்திற்குள் கொழும்பை அடுத்த கட்டுநாயக்காவில் இறங்கிவிடலாம். வெசாக் வாரம் அது. புத்தர் பெருமான் பிறந்ததும், ஞானம் பெற்றதும், பரிநிர்வாணம் அடைந்ததும் வைகாசிப் பௌர்ணமியிலே என்பது அவர்களுடைய நம்பிக்கை. நடுநிசியிலும் வீட்டு வாசல்களில் எண்கோண வடிவக் காகித விளக்குகள் ஆடிக்கொண்டிருந்தன.

நம்மை அழைத்துச் செல்ல வந்த காரோட்டி ஒரு சிங்கள அன்பர். மிகிந்தலைக்குப் பக்கத்துக் கிராமத்தவர். ஆயினும் நல்ல தமிழ் பேசினார், அதுவும் யாழ்ப்பாணத் தமிழ்! நாம் வியந்து விசாரித்தோம். யுத்தம் முடிந்து யாழ்ப்பாண நெடுஞ்சாலை திறந்த பிறகு, தம்புள்ளைச் சந்தையிலிருந்து லாரியில் காய்கறி ஏற்றிக்கொண்டு போய் யாழ்ப்பாணத்தில் இறக்கி, அங்கிருந்து சின்ன வெங்காயமும் மாம்பழமும் ஏற்றி வருவது பல வருஷம் அவருடைய தொழிலாக இருந்ததாம்.

"மொத்த வியாபாரிகளிடம் ஏமாறாமல் இருக்க வேண்டுமென்றால் அவர்கள் பாஷை தெரிய வேண்டும், ஐயா" என்று சொல்லிச் சிரித்தார்.

குருநாகல் வழியாகத் தம்புள்ளையை அடைந்தபோது மணி நான்கு. "நாளைக் காலை எங்கள் வீட்டில் தானம். அம்மா ஒரு ஜாபிதா கொடுத்திருக்கிறார். பத்து நிமிஷம் பொறுத்துக்கொள்வீர்களா?" என்றார். பொறுத்துக்கொள்வதா? அதிகாலைச் சந்தையைப் பார்க்க எத்தனை மைல் வேண்டுமானாலும் வரக்கூடியவர் நாம்! நம் இல்லாளும் புதல்வியும் தூக்கக் கலக்கத்துடன் பின்தொடர, உள்ளே நுழைந்தோம்.

1999இல் ஏற்பட்ட இந்தப் பொருளாதார மத்திய நிலையம் இலங்கையின் காய்கறி வியாபாரத்திற்கு ஒரு நாற்சந்தி. நுவரெலியாவின் குளிர்ந்த மலைச் சரிவுகளிலிருந்து காரட்டும் லீக்ஸும் முட்டைக்கோஸும் இறங்கி வருகின்றன. ஏரிப்பாசன வறண்ட பிரதேசத்திலிருந்து பூசணியும் கத்தரியும் பெரிய வெங்காயமும் வருகின்றன. கிழக்கு வெளுப்பதற்குள் இவை இடம் மாறி, ஒன்று கொழும்புக்கும் மற்றொன்று யாழ்ப்பாணத்திற்கும் வேறொன்று மட்டக்களப்புக்குமாகப் பிரிந்து போகின்றன. விலை கூவுகிற சத்தமும், லாரிகள் பின்வாங்குகிற சத்தமும், நசுங்கிய இலையின் மணமும் நம் கோயம்பேட்டையே நினைவூட்டின.

தலையில் மூட்டையுடன் ஓடிவந்த ஒருவருக்கு வழிவிடும்படி நம்மை ஒதுக்கிய காரோட்டி, "நாட்டாமி வருகிறார்!" என்றார். நாம் திடுக்கிட்டுப் பெரிய மனிதர் யாரோ வருகிறார் என்று சுற்றுமுற்றும் பார்த்தோம். பிறகுதான் விஷயம் விளங்கிற்று. நம் ஊரில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்கிறவர், அங்கே நாட்டாமி என்றால் சுமை தூக்குகிறவர். கடல் தாண்டிய வார்த்தைக்கு என்ன கதி நேர்கிறது, பாருங்கள்! பூசணிக்காய்க்கு அவர்கள் சொல்லும் 'வட்டக்கா' என்ற பெயரோ நம் காதுக்கு உடனே விளங்கிவிட்டது.

காரோட்டி பூசணிக் குவியலின் முன்னே நின்று, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். வியாபாரி விலை குறைத்துக் கொடுத்த கீறல் விழுந்த காயை வேண்டாமென்று தள்ளிவிட்டார். "நாங்கள் சாப்பிடுவதற்கென்றால் இது போதும். தானத்திற்கு ஆகாது" என்றார். வாழைப்பழக் கடையிலும் அப்படியே. தனக்கு வாங்கும்போது பேரம் பேசுகிற மனிதன் பிறருக்கு வாங்கும்போது பேரத்தை மறந்துவிட்டான்! மணிமேகலை பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகர் என்று சொல்வது நம் மரபு. தானிய வியாபாரி ஒருவர் ஏன் பிக்ஷைப் பாத்திரத்தைப் பற்றிக் காவியம் பாட வேண்டும் என்று நாம் பல தடவை யோசித்ததுண்டு. அன்றைக்குத் தம்புள்ளையில் அதற்குப் பாதி விடை கிடைத்தது. சோற்றின் விலையை அறிந்தவனுக்கே அதை விலையில்லாமல் கொடுப்பதன் அருமையும் தெரியும்.

மிகிந்தலை, அனுராதபுரத்திற்குக் கிழக்கே 13 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள குன்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோக சக்கரவர்த்தியின் குமாரரான மகிந்தர் இந்தக் குன்றிலேதான் தேவானம்பிய திஸ்ஸ மன்னரைச் சந்தித்துப் பௌத்த தர்மத்தை உபதேசித்தார் என்பது வரலாறு. நமது முருகன் குன்றுக்கு நூற்றுக்கும் குறைவான படிகள். இங்கோ 1840 கருங்கற் படிகள்! பாதி உயரம் வரை மோட்டார் ரஸ்தா உண்டு என்பதை நம் இல்லாள் காரோட்டியிடம் முன்கூட்டியே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தபடியால் நமது முழங்கால்கள் தப்பின.

பாதி வழியில் பழைய போஜன சாலையின் இடிபாடுகள் இருக்கின்றன. கூரை போய்விட்டது, தூண்களிலும் சிலவே எஞ்சியுள்ளன. ஆனால் பிக்ஷுக்களுக்குச் சோறும் கஞ்சியும் நிரப்பி வைத்த கல் தொட்டிகள் அப்படியே கிடக்கின்றன. ஒரு மனிதன் நீட்டிப் படுத்தாலும் மீதி இடம் இருக்கும். பக்கத்தில் 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னர் செதுக்கி நிறுத்திய இரண்டு பெரிய கற்பலகைகள். பிக்ஷுக்கள் விடியற்காலையில் எழுந்து, பல் துலக்கி, தியானம் செய்து, போஜன சாலைக்கு வந்து, பிரித் ஓதிய பிறகு கஞ்சியும் சோறும் பெற வேண்டும் என்று அவை விதிக்கின்றன. சமையற்காரர் முதலிய ஊழியர்களுக்கு என்ன ஊதியம், தினச் செலவை எப்படிக் கணக்கெழுத வேண்டும், வருஷ முடிவில் கணக்கைச் சங்கத்தின் முன் எப்படிச் சமர்ப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லிலே இருக்கின்றன. தானம் என்பது உணர்ச்சி மாத்திரமன்று. ஒழுங்கான நிர்வாகமும் கூட என்பதை அந்நாள் மன்னர் அறிந்திருந்தார்.

அனுராதபுரத்திலும் மகாபாலி என்ற தான சாலையில் இத்தகைய தொட்டி உண்டு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையில் இரண்டு வருஷம் தங்கிய சீன யாத்திரிகர் பாஹியான், நகரத்தில் ஐயாயிரம் ஆறாயிரம் பிக்ஷுக்களுக்கு மன்னர் உணவளித்ததையும், அவர்கள் பாத்திரத்துடன் வந்து நிரப்பிக்கொண்டு போனதையும் எழுதி வைத்திருக்கிறார். அதே அனுராதபுரத்தில், தமிழ் இல்லறத்தார் கூடுவதற்காக ஒரு தமிழர் அமைத்த மேடையைக் குறிக்கும் பழைய பிராமிக் கல்வெட்டும் இருக்கிறது. பின்னொரு காலத்தில் சோழர் படையெடுத்து அந்த ராஜதானியை அழித்ததும் சரித்திரமே. இரண்டையும் சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும்.

மாலையில் திரும்பும்போது ஒரு வளைவில் வாலிபர்கள் சிலர் கொடிகளை வீசி நமது காரை மறித்தார்கள். நாம் என்னவோ ஏதோ என்று பயந்தோம். "தன்சல்!" என்றார் காரோட்டி. வெசாக் காலத்தில் ஊரார் பணம் திரட்டி, பந்தல் போட்டு, வருகிற போகிற எல்லோருக்கும் இலவசமாக உணவு வழங்கும் ஏற்பாடுதான் தன்சல். சில இடங்களில் சோறும் கறியும், சில இடங்களில் அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும், சில இடங்களில் சர்பத்து. சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டுமாம்.

நம் இல்லாள் காரை விட்டு இறங்க மறுத்தாள். "நமக்கு என்ன குறைச்சல்? ஏழைகள் சாப்பிடட்டும். நாம் போய் வரிசையில் நிற்பதாவது!" என்றாள்.

காரோட்டி பணிவுடன், "அம்மா, வாங்குகிறவர் இல்லாவிட்டால் அவர்கள் எப்படிக் கொடுப்பார்கள்? காலையிலிருந்து கிழங்கு அவித்திருக்கிறார்கள்" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். கொடுப்பதில் நாம் தேர்ந்தவர்கள். திருவிழாக் காலத்தில் நீர்மோர்ப் பந்தலுக்குச் சந்தா கொடுக்கிறோம். அன்னதானத்திற்கு அரிசி மூட்டை அனுப்புகிறோம். ஆனால் கை நீட்டி வாங்குவது? அது நமக்குப் பழக்கமில்லாத வித்தை. முடிவில் எல்லோருமாக இறங்கி வரிசையில் நின்றோம். நமக்கு முன்னால் ஒரு லாரி ஓட்டுநர், பின்னால் பெரிய காரில் வந்த கனவான். இருவருக்கும் ஒரே அளவு அகப்பைதான். இல்லாள் தட்டை வாங்கிக்கொண்டபோது, பரிமாறிய சிறுவன் இரு கைகளையும் கூப்பி அவளுக்கு நன்றி சொன்னான். சிறிது நேரம் அவள் பேசவே இல்லை.

அன்றிரவு காரோட்டியின் வீட்டிலேயே தங்கினோம். மறுநாள் தானம் எதற்கு என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. கூடத்துச் சுவரில் மாலை சூட்டிய படம் ஒன்று இருந்தது. படத்தில் ராணுவ உடையுடன் ஓர் இளைஞன். காரோட்டியின் தம்பி. 2009ஆம் ஆண்டு மே மாதம் வன்னியில் இறந்தவன். அது அவனுடைய வருஷ தானம்.

நம் இல்லாள் நம் முகத்தைப் பார்த்தாள். நாம் தரையைப் பார்த்தோம். அதே மாதத்தில், அதே வன்னியில் தகப்பனாரைப் பறிகொடுத்த நம் மாணாக்கன் கண் முன்னே வந்து நின்றான். 'இந்த வீட்டில் நமக்கு என்ன வேலை?' என்று மனம் கேட்டது. இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை.

மூன்று மணிக்கே சமையற்கட்டில் வெளிச்சம் தெரிந்தது. எழுபது வயதைத் தாண்டிய தாயார் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நம் இல்லாள் ஒன்றும் பேசாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கலானாள். இருவருக்கும் பொதுப் பாஷை கிடையாது. ஆனாலும் இடியாப்பம் பிழிவதற்குப் பாஷை எதற்கு? 2022இல் நாடே நெருக்கடியில் தவித்தபோது, எரிவாயு இல்லாமல், லாரிக்கு எண்ணெய் இல்லாமல், இந்தத் தானத்திற்கு இலைக்கஞ்சி மட்டுமே வைக்க முடிந்ததாம். பெரிய பிக்ஷு அதில் பாதியை அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, மீதியை உட்கொண்டாராம். காரோட்டி இதை நமக்கு மெதுவாகச் சொன்னார்.

ஆறு மணிக்குப் பிக்ஷுக்கள் வரிசையாக வந்தார்கள். துறவு பூண்ட காலத்தின் வரிசைப்படி முன்னால் முதியவர். கடைசியில் பத்து வயதுச் சாமணேரர் ஒருவர். முன்னே ஒருவர் தாதுப் பேழையைத் தலையில் தாங்கி வந்தார். வாசலில் ஒருவர் அவர்கள் பாதத்தைக் கழுவ, மற்றொருவர் துடைத்தார். வெள்ளைத் துணி விரித்த தரைமீது நடந்து போய் அமர்ந்தார்கள். அந்தப் பத்து வயதுப் பிள்ளையின் முன்னும் கிழவியார் நெற்றி நிலத்தில் படும்படி விழுந்து வணங்கினார். நமது புதல்வி கைப்பேசியை எடுத்தவள், யாரும் சொல்லாமலே அதைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டாள்.

முதலில் புத்தருக்கு ஒரு பங்கு. பிறகு பாற்சோறு, இடியாப்பம், பருப்பு, தம்புள்ளைப் பூசணிக்கறி, பழம் எல்லாம் பரிமாறப்பட்டன. பிக்ஷுக்கள் எதையும் வேண்டுமென்று கேட்கவில்லை, எதையும் புகழவுமில்லை. நன்றி என்ற சொல் அவர்கள் வாயிலிருந்து வரவேயில்லை. கொடுக்க இடம் தந்ததற்காக வீட்டாரே கைகூப்பி நின்றார்கள்.

உணவு முடிந்ததும் பிக்ஷுக்கள் ஓதத் தொடங்கினார்கள். ஒரு தட்டில் கிண்ணத்தை வைத்து, செம்பிலிருந்து அதில் நீர் வார்க்க வேண்டும். கிண்ணம் நிரம்பி வழிவதுபோல, செய்த புண்ணியமும் இறந்தவரைச் சென்று சேரட்டும் என்பது கருத்து. வீட்டார் ஒவ்வொருவரும் செம்பின் மீது கை வைத்தார்கள். நமக்கு எள்ளும் நீரும் இறைக்கிற திதி ஞாபகத்துக்கு வந்தது. நீர் வார்த்துத் தானம் கொடுப்பது நம் பழைய சாசனங்களிலும் உள்ள முறைதானே?

அப்போது கிழவியார் திரும்பி, நம்மைப் பார்த்துத் தலையசைத்தார்; நாமும் வந்து செம்பைத் தொட வேண்டுமென்று. இல்லாள் உடனே போய்விட்டாள். நமது கால் மட்டும் நகரவில்லை. 'டீக்கடையில் அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?' கிழவியாரோ வார்க்காமல் காத்திருந்தார். ஓதுகிற குரல் நிற்கவில்லை. அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எந்தத் தாய்க்கும் நடுங்குகிற கைதான் அது. நாம் போய்த் தொட்டோம். நீர் நிரம்பி வழிந்து தட்டில் பரவிற்று. "சாது, சாது, சாது" என்று எல்லோரும் முழங்கினார்கள். நாம் மனதிற்குள், சொல்லாமல், இன்னொருவரையும் அந்த நீரில் சேர்த்துக்கொண்டோம்.

ஊர் திரும்பி ஒரு வாரம் வரையில் அதிகாலை நடையை நாம் தவிர்த்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். எட்டாம் நாள் போனோம். மாணாக்கன் பஸ்ஸுக்குக் காத்திருந்தான். சந்தையைப் பற்றியும் படிகளைப் பற்றியும் சொல்லிவிட்டு, பின்பு மறைக்காமல் அந்தத் தானத்தைப் பற்றியும் சொன்னோம். படத்தில் இருந்தவன் யார் என்பதையும் சொன்னோம். அவன் முகம் இறுகிற்று. வெகு நேரம் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். நாம் செய்தது தவறுதானோ என்று தோன்றிற்று.

பஸ் வெளிச்சம் தெரிந்ததும் அவன் கேட்டான்: "நீங்கள் எங்கள் அப்பாவையும் நினைத்தீர்களா, சார்?"

"நினைத்தோம், அப்பா."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்காரரிடம் காசைக் கொடுத்தான். நம்முடைய டீக்கும் சேர்த்துக் கொடுத்திருக்கிறான் என்பது பஸ் போன பிறகுதான் நமக்குத் தெரிந்தது. மாணாக்கனிடம் வாங்கிக் குடிப்பதாவது என்று முன்பானால் கடைக்காரரிடம் சண்டை போட்டிருப்போம். அன்றைக்குப் பேசாமல் குடித்தோம்.